பட்டியலில் வராத மாற்றம்

காப்பி வேண்டாம் சார், டீயே போதும். காப்பி எனக்கு ஒத்துக்கொள்ளாது.

திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. ஆளுக்கொரு பகுதியாக எழுதி, அதை மூலப் பிரதியோடு இணைப்போம். புதிய பதிப்பு போகும்போது, அந்த இணைப்புகளின் வரலாற்றைப் பார்த்து என்னென்ன மாறியிருக்கிறது என்று பட்டியல் எடுப்பது என் வேலை. நர்சுகள் அதைச் சுவரில் ஒட்டிவைத்துப் படிப்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

2007-ல் எங்களோடு வேலை பார்த்த ஆனந்தி நல்ல வசதி ஒன்றை எழுதி இணைத்தாள். குழந்தையின் எடைக்கு மீறிய மருந்தளவைத் தட்டினால் கணினி எச்சரித்து நிறுத்திவிடும். ஆனால் வெளியிடும் முன் சோதித்துப் பார்த்தபோது ஆஸ்பத்திரியின் பழைய கணினிகள் அதைத் தாங்காமல் அடிக்கடி நின்றுபோயின. முதலாளியோ புதிய பதிப்புக்கு டாக்டரிடம் நாள் சொல்லிவிட்டார். நான் அந்த வசதியை மூலப் பிரதியிலிருந்தே எடுத்துவிட்டேன். ஆனந்திக்கும் சொல்லவில்லை. அடுத்த பதிப்பில் சரிசெய்து சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இப்படி மூலப் பிரதியில் நேரடியாகக் கைவைத்தது இணைப்புக் கணக்கில் வராது, ஆகவே பட்டியலிலும் வராது. ஆனந்தி சேர்த்தது மட்டும் வந்தது. கையால் ஒரு வரி எழுதியிருக்கலாம். முதலாளி முகம் சுளிப்பாரே என்று விட்டுவிட்டேன்.

சிவனம்மாள் என்ற நர்ஸ் அதுவரை ஒவ்வொரு அளவையும் கையால் கணக்குப் போட்டுச் சரிபார்ப்பவர். பட்டியலைப் படித்தபின் அதை நிறுத்திவிட்டார். தாடிக்கொம்புப் பக்கம் மல்லிகை போடும் உடையப்பனின் மகள் மணிமேகலைக்கு மருந்தளவைத் தட்டும்போது ஒரு புள்ளி விடுபட்டது. இரண்டரை இருபத்தைந்தாகிவிட்டது. கணினி ஒன்றும் சொல்லவில்லை. குழந்தை பிழைக்கவில்லை. நான் அழுதேன் சார். அது நடிப்பில்லை.

அழுது முடித்ததும் அந்த வசதியைத் திரும்ப வைத்தேன், அதையும் நேரடியாகத்தான். ஆஸ்பத்திரிக்கு நானே போய் ஏற்றிவிட்டு வந்தேன். விசாரிக்க வந்தவர்கள் தட்டிப் பார்த்தபோது எச்சரிக்கை ஒழுங்காக வந்தது.

"எனக்கு அப்படி எதுவும் வரல சார், சத்தியமா வரல" என்று சிவனம்மாள் கெஞ்சினார்.

என்னைக் கேட்டார்கள். பட்டியலை நீட்டினேன். நேரடி மாற்றங்களும் பதிவாகியிருக்கும் முழு வரலாற்றை யாரும் கேட்கவில்லை. எச்சரித்தும் மதிக்காத நர்ஸ் என்று முடிவு செய்தார்கள். வேலை போயிற்று, வழக்கு வந்தது. தீர்ப்பு வருவதற்குள் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பாவம், நல்ல மனுஷி.

இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மணிமேகலை சாவதற்கு முந்தின வாரம் என் மகளுக்குக் காய்ச்சல். அதே வார்டு, அதே நர்ஸ். அளவைக் கையால் ஒருதரம் பார்த்துவிடச் சொன்னேன்.

சிவனம்மாள் சிரித்தார். "அதான் கம்ப்யூட்டரே பாத்துக்கிருதே சார். லிஸ்ட்ல நீங்கதான போட்ருக்கீக?"

"இருக்கட்டும், எதுக்கும் செத்த பாத்துருங்க" என்றேன்.

பார்த்துவிட்டுத்தான் மருந்து கொடுத்தார்.