பொருக்கு உதிரும் வரை

முத்திரை போட்ட குதிரையை ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் எல்லாரும் வண்டியில் ஏறும்முன் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். புண்ணுக்கு என்ன தடவ வேண்டும்? ஒன்றும் தடவ வேண்டாம் என்பேன். கையை வைக்காமல் இருந்தாலே பாதி வைத்தியம் ஆயிற்று. யாரும் நம்புவதில்லை. வீட்டுக்குப் போய்க் கண்ட களிம்பையும் பூசிவிட்டு, எழுத்து கலங்கிவிட்டது என்று எனக்கே ஃபோன் செய்வார்கள்.

நான் இரும்பைப் பழுக்கக் காய்ச்சிச் சூடு போடுகிறவன் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். என்னுடையது குளிர் முத்திரை. முடியை மழித்து, ஆல்கஹாலால் நனைத்து, திரவ நைட்ரஜனில் முக்கியெடுத்த செம்பு அச்சை வைத்து அழுத்துவேன். செம்பழுப்புக் குதிரைக்குப் பத்து எண்ணினால் போதும். சற்று நேரத்தில் எழுத்து வீங்கி எழும், இரண்டு மூன்று நாளில் வற்றும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் பொருக்கு பழைய முடியோடு உதிரும். மூன்றாவது மாதம் அந்த இடத்தில் வெள்ளை முடி முளைக்கும். அதுவரை கயிறு உரசக் கூடாது, ஈ மொய்க்கக் கூடாது, பொருக்கைப் பிய்க்கக் கூடாது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டது என் மனைவி மேவிஸ். எனக்குக் கை முரடு. அச்சு வைப்பதோடு என் வேலை முடிந்தது, ஆற்றுவது அவள் பொறுப்பு. முப்பத்தொரு வருஷம் அப்படித்தான் நடந்தது. எந்தக் குதிரையும் அவள் பக்கத்தில் நின்றால் அடங்கிவிடும். அவளைப்போல் ஒருத்தி எனக்குக் கிடைத்தது என் அதிர்ஷ்டம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். சொன்னதில்லை.

மார்ச் மாதம் அவள் முதல்முறை காணாமல் போனாள். பக்கத்துப் பண்ணைக்காரன் கிளைட் தன் வண்டியில் கூட்டிவந்தான்.

"ஹைவேல தனியா நடந்து போய்ட்டிருந்தாங்க வெர்ன். கையில பெட்டி வேற. என்னப்பா, சண்டையா?" என்றான்.

சண்டை எதுவும் இல்லை. நாங்கள் சண்டை போடுகிறவர்கள் இல்லை. நான் சொல்வேன், அவள் கேட்டுக்கொள்வாள். கார் சாவி என்னிடம் இருந்ததால்தான் நடந்திருக்கிறாள். ஜூன் மாதம் மறுபடி போனாள். இந்த முறை பஸ் நிற்கும் இடத்தில் நானே பிடித்தேன். அந்த வெயிலில் மடியில் குளிர்காலக் கோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும்தான் அவளுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று எனக்கு விளங்கியது. அன்று வண்டி ஓட்டிக்கொண்டே அழுதேன்.

எல்கோ நகரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். அவர் அரை மணி நேரம் ஏதேதோ கேட்டுவிட்டு, "ஞாபகசக்தில ஒரு குறையும் இல்லீங்க. நீங்க கொஞ்சம் வெளியில இருங்க, அவங்ககிட்ட தனியாப் பேசணும்" என்றார். நான் மேவிஸை நாற்காலியிலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அரை மணி நேரம் பார்த்தவருக்கு என்ன தெரியும்?

நீங்கள் இந்த ஊரிலேயே வளர்ந்தவர். வேலி தாண்டிய குதிரையைக் கண்டால் நாம் என்ன செய்வோம்? முத்திரையைப் பார்ப்போம், உடையவனுக்கு ஃபோன் செய்வோம். வாய் பேசாத பிராணி வீடு திரும்புவதற்கு அது ஒன்றுதான் வழி. புத்தி தடுமாறியவர்களுக்குக் கையில் பெயர் எழுதிய தகடு மாட்டிவிடுவார்கள் என்று படித்தேன். தகட்டைக் கழற்றி எறிய எவ்வளவு நேரம் ஆகும்?

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஜூனி என்ற செம்பழுப்புப் பெட்டைக் குதிரைக்கு அப்போதுதான் முத்திரை போட்டு முடித்திருந்தேன். அச்சு குளிர்ந்தபடி இருந்தது, நைட்ரஜனை வீணாக்குவானேன் என்று பட்டது. மேவிஸின் தூக்க மாத்திரையில் மூன்றை அவளுடைய சூப்பில் கரைத்தேன். அவள் அசந்ததும் இடது தோளில் வைத்தேன். வி எழுத்து, அதன் கீழே ஒரு கோடு, என் பண்ணை முத்திரை. குட்டிகளுக்கு என்று வைத்திருந்த சின்ன அச்சைத்தான் எடுத்தேன். மனுஷத் தோல் மெல்லியது என்பதால் நான்கு எண்ணியதோடு நிறுத்திக்கொண்டேன். இதையும் எழுதுங்கள்.

மறுநாள் கொப்புளம் கட்டியது. குதிரைக்கு அப்படிக் கட்டாது. நான் எதிர்பார்க்கவில்லை, வருத்தமாகத்தான் இருந்தது. நான்காம் நாள் காய்ச்சல் கண்டது.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ வெர்ன்" என்றாள்.

கையை வைக்காமல் இருந்தால் ஆறிவிடும் என்று அவளே எத்தனையோ பேருக்குச் சொன்னதை எடுத்துச் சொன்னேன். பக்கத்திலேயே உட்கார்ந்து ஈ ஓட்டினேன். போர்வை உரசாமல் பிடித்துக்கொண்டேன். முப்பத்தொரு வருஷத்தில் நான் ஆற்றிய ஒரே புண் அதுதான்.

தினமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"எதுக்கு இப்படிப் பண்ணே?"

நீ தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக என்று தினமும் பொறுமையாகச் சொன்னேன். மறுநாள் காலையில் திரும்ப அதே கேள்வி. கேட்டதையே கேட்பது அந்த நோயின் அடையாளம் என்று புத்தகத்தில் போட்டிருந்தது.

எழுந்து நடக்க முடிந்ததும் அவள் போன இடம் குதிரைப் பட்டி. மனுஷத் தோலாயிற்றே என்று நான் கொடுத்திருந்த கற்றாழைக் களிம்பைத் தன் தோளில் தடவாமல் ஜூனியின் தோளில் தடவிக்கொண்டிருந்தாள். "பொறுத்துக்கோடி, இன்னும் கொஞ்ச நாள்தான்" என்று அதன் காதில் சொன்னாள். எந்தப் புண் தன்னுடையது என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. பார்க்க முடியாமல் வீட்டுக்குள் போய்விட்டேன்.

இருபத்துநான்காம் நாள் ஜூனியின் பொருக்கு உதிர்ந்தது. மேவிஸுடையது உதிரவில்லை, ஓரத்தில் சீழ் இருந்தது. அன்று நான் தீவனம் வாங்கப் போய்த் திரும்பியபோது அவள் இல்லை.

இந்த முறை நான் பதறவில்லை. கண்டவர்கள் ஃபோன் செய்வார்கள் என்று காத்திருந்தேன். ஃபோன் வரவில்லை. சாயங்காலம் கிளைட் வந்தான். வண்டியை விட்டு இறங்கவில்லை, கண்ணாடியைப் பாதிதான் இறக்கினான். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு உங்கள் போலீஸ் அலுவலகத்துக்கும் போய் வந்ததாகச் சொன்னான்.

"முத்திரையப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"பாத்தேன். எங்க கொண்டுபோய் விடணும்னு அவங்களத்தான் கேட்டேன். வின்னமக்கா ஊர்ல அக்கா வீடுன்னாங்க. தெரு, கதவு நம்பர், ஃபோன் நம்பர், ஒண்ணு விடாம சொன்னாங்க."

"எங்க வீட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"கேட்டேன் வெர்ன். அப்படி ஒரு வீடு எனக்குக் கிடையாதுன்னாங்க."

முப்பத்தொரு வருஷம் அவள் குடியிருந்த வீடு இது. நோய் எவ்வளவு தூரம் முற்றியிருக்கிறது என்று இனி நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்?