பாதியாக அறுத்த துண்டு

எங்கள் தெருக் குழாயடியில் நான் இல்லாத நாளில் பேச்சு சூடு பிடிக்காது, டாக்டரம்மா. யார் வீட்டுச் சம்பந்தம் முறிந்தது, எந்தத் தோல் மண்டி முதலாளி ஆம்பூரில் இரண்டாவது குடித்தனம் வைத்தான், எல்லாம் என் வாய்வழிதான் ஊருக்குப் போகும். அதனால்தான், பக்கத்து வீட்டு ஜஹீதாவின் மார்புக் கட்டியில் எடுத்த துண்டு நம் பரிசோதனை அறைக்கு வந்தபோது அதைப் பார்த்துவிட ஆசைப்பட்டேன்.

நீங்கள் கை கழுவப் போயிருந்தீர்கள். புட்டியைத் திறந்து, துண்டை விரலில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பினேன். கொண்டைக்கடலை அளவுதான். வழுக்கித் தொட்டியில் விழுந்தது. குழாய்த் தண்ணீர் அதைச் சாக்கடைக்குக் கொண்டுபோய்விட்டது.

சொல்லியிருந்தால் அவளிடம் இன்னொரு துண்டு எடுத்திருப்பீர்கள். எனக்கு வேலை போயிருக்கும். பக்கத்துப் புட்டியில் குடியாத்தத்துப் பெண்ணின் துண்டு, கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. பாதியாக அறுத்து ஜஹீதாவின் புட்டியில் போட்டேன்.

நான் ஈதர் பீய்ச்ச, தட்டில் இருந்த துண்டு வெளுத்து உறைந்தது. நீங்கள் கத்தியை இழுத்தீர்கள். வெங்காயச் சருகு போல வந்த சீவலைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்தி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தீர்கள். இரண்டும் தீங்கில்லாத கட்டி என்றீர்கள். உங்கள் கண்ணில் பிழையில்லை, அம்மா.

ஜஹீதா வீட்டில் ஃபாத்திஹா ஓதிப் பிரியாணி போட்டார்கள். எனக்கு இரண்டு கரண்டி ஜாஸ்தி. சாப்பிட்டேன்.

மழைக்காலம் முடிந்ததும் அவள் சுவரோரம் வந்து நின்றாள்.

"இன்னா ராஜம்மாக்கா, இது பெருசாயிட்டே போவுது. ஆஸ்பத்திரிக்கு இன்னொருவாட்டி போய்ட்டு வரட்டுமா?"

"டாக்டரம்மாவே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க. நீ இன்னாத்துக்கு பேஜார் ஆவுறே?"

அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பிறகும் சில தடவை கேட்டாள். அதே பதிலைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை போலப் பட்டது. அவள் இளைத்துப்போனதைக் குழாயடியில் முதலில் சொன்னவளும் நான்தான். மாமியார் சரியாகச் சோறு போடுவதில்லை போலிருக்கிறது என்று ஒரு பிடி சேர்த்தேன். அந்த மாமியார்தான் நேற்று செத்துக் கிடந்த ஜஹீதாவின் தலைமாட்டில் எனக்கு நகர்ந்து இடம் கொடுத்தாள்.

இன்று காலை அந்தப் பழைய கண்ணாடித் தகட்டை எடுத்துவைத்து, எங்கே தவறவிட்டேன் என்று நீங்கள் தனியாக அழுதீர்கள். எனக்கு உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. இப்போதும் தரையைப் பார்த்துத்தான் பேசுகிறேன். அவளைக் குழிக்கு அனுப்பியது நான்.

ஆனால் ஒன்று, அம்மா. ராஜம்மாள் வாயில் எதுவும் தங்காது என்று தெருவே சொல்லும். ஜஹீதாவின் கட்டியைப் பற்றி மட்டும் நான் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணாயிற்றே, அவள் மானத்தையாவது காப்பாற்றினேன்.