நாளுக்கு ஒரு முழம்

தேநீருக்கு நன்றி, சார்ஜன்ற் தம்பி. இஞ்சி கொஞ்சம் கூடிவிட்டது, ஆனால் நான் குறை சொல்ல வரவில்லை. வாக்குமூலம் கொடுக்க வந்திருக்கிறேன். எழுத்துத் தமிழிலேயே சொல்கிறேன். பிறகு நீங்கள் திருத்தி எழுதி மினக்கெட வேண்டாம்.

பெயர் ஏரம்பு. வயது எழுபத்தைந்து. ஊர், புத்தூரிலிருந்து கிழக்கே சைக்கிளில் இருபது நிமிடம். முழங்கால் இடம் கொடுத்த காலம் வரை புகையிலைத் தோட்டம் செய்தேன். இப்போது இராசமலரின் தேநீர்க்கடை வாங்கில் குந்தியிருந்து, பின்னேரம் நாலு மணி தொடக்கம் கதை சொல்கிறேன். வழக்கமாகப் பதினொரு பேர் கேட்பார்கள். கோயில் கொடியேறினால் பதினாலு.

என் கதைகளில் பெயர் போனது முதலைக் கதை. அறுபத்திநாலாம் ஆண்டுப் புயலில் கன்னாக்குளம் தளும்பியபோது, பதினாலு வயதுப் பொடியனான நான் எங்கள் வீட்டுக் கதவைக் கழற்றித் தண்ணீரில் போட்டு அதில் ஏறி நின்றேன். ஒரு முதலையின் வாலில் கொடிக்கயிற்றைக் கட்டி மறுநுனியைப் பிடித்துக்கொண்டேன். முதலை என்னை இக்கரையிலிருந்து அக்கரைக்கு இழுத்துப் போனது. இறங்கும்போது காற்சட்டை நனைந்திருக்கவில்லை. இதை அறுபது வருடமாகச் சொல்கிறேன். ஒருவரும் நம்பியதில்லை, ஒருவரும் இடையில் எழும்பிப் போனதுமில்லை.

போன தை மாதம் கனடாவிலிருந்து சுதாகரன் வந்தான். எட்டு வயதில் தாயோடு போனவன், நாற்பத்துமூன்று வயதில் தாயின் காணியைப் பார்க்கத் திரும்பி வந்தான். நல்ல மனுசன். என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கிக் கதைப்பான். அவன் கொண்டுவந்த பெட்டியில் ஒரு பலகை இருந்தது. அதில் கால் நுழைக்க இரண்டு சப்பாத்துகள் பூட்டியிருந்தன. ஓடும் படகுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தபடி அதில் நின்று தண்ணீருக்கு மேல் போவதாம். அங்கே சின்னச் சின்ன ஏரிகளில் எல்லாம் அதுதான் விளையாட்டாம். பருத்தித்துறையிலிருந்து கிறகோரி என்ற கடற்தொழிலாளியையும் அவனுடைய படகையும் லொறியில் ஏற்றிவந்து கன்னாக்குளத்தில் இறக்கினான்.

முதலை இல்லை என்பதைத் தவிர அது என்னுடைய கதைதான். எனக்குச் சந்தோசமாக இருந்தது.

அலை பெரிதாக எழும்ப வேண்டுமென்றால் படகின் பின்பக்கம் பாரமாக இருக்க வேண்டும். பத்து மணல் மூட்டை ஏற்றிப் பார்த்தான், பற்றவில்லை. "அப்பு, நீங்களும் ஏறுங்கோ" என்றான். அப்படித்தான் நான் பதினோராவது மூட்டையாகச் சேர்ந்தேன். ஒரு கிழமையில் பதவி உயர்வு கிடைத்தது. ஓட்டுகிறவன் முன்னுக்குப் பார்க்க, இன்னொருவன் பின்னுக்குப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்பது அந்த விளையாட்டின் சட்டம். பலகைக்காரன் பெருவிரலை உயர்த்தினால் வேகம் கூட்ட வேண்டும். நான் கிறகோரியின் தோளில் இரண்டு தட்டுத் தட்டுவேன். விரலைக் கீழே காட்டினால் ஒரு தட்டு. கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தால் உடனே நிற்பாட்ட வேண்டும். அதற்கு அவனுடைய சட்டையைப் பிடித்து இழுப்பேன். எஞ்சின் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது.

மூன்றாம் நாளே கடை வாங்கு காலி. பதினொரு பேரும் குளக்கட்டில் நின்றார்கள். இராசமலரும் தேநீர் வாளியோடு அங்கே வந்துவிட்டாள். எல்லோருக்கும் முன்னால் சுதாகரன் கேட்டான்:

"அப்பு, உங்கடை முதலைக்குக் கையைக் காட்டினா நிக்குமோ? இல்லாட்டி அதுக்கும் தோளிலை தட்டோணுமோ?"

"முதலைக்குத் தோள் எங்கை கிடக்கு, தம்பி" என்றாள் இராசமலர். "அப்புவின்ரை முதலைக்கு வாலும், அப்புவுக்கு வாயும்தான்."

"ஒருக்கா ஏறிக் காட்டுங்கோவன் அப்பு. கதவு இல்லை, பலகைதான் கிடக்கு."

ஏறினேன். படகு இழுத்தது. முதலில் வேட்டி போனது, பிறகு நான் போனேன். சுதாகரன் அதைப் போனில் பிடித்துப் போட்டான். ஒரு கிழமையில் நாலாயிரத்து இருநூறு பேர் பார்த்தார்கள் என்று எனக்கே காட்டினான். முதலைக் கதையை அறுபது வருடத்தில் அத்தனை பேர் கேட்டிருக்கமாட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். நானும் இரண்டு தரம் போட்டுப் பார்த்துச் சிரித்தேன்.

இனிக் குற்றிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளத்தின் மேற்கு மூலையில், பழைய மடைக்கு அடித்த பனங்குற்றிகள் பன்னிரண்டு தண்ணீருக்குள் நிற்கின்றன. மாரியில் அவை ஆள் ஆழத்தில் கிடக்கும். பங்குனியில் ஒரு சாண் தண்ணீர்தான் அவற்றை மூடியிருக்கும். ஒவ்வொரு குற்றியும் நிற்கும் இடம் ஊரில் எனக்கு மட்டுமே தெரியும் என்பதால், நான் காட்டக் காட்டச் சுதாகரன் நாலு சிவப்புப் பிளாஸ்ரிக் கான்களைக் கயிறும் கல்லும் கட்டி எல்லைக்கு மிதக்கவிட்டான். படகு கான்களின் ஓரமாக ஓடும். பலகைக்காரன் படகுக்கு நேர் பின்னால் நிற்பதில்லை. அலையில் ஏறிப் பக்கவாட்டில் வெகுதூரம் வீசிப் போய்த் திரும்புவான். கான்களைத் தாண்டியும் போவான். அதற்கும் சேர்த்துத் தாராளமாக இடம் விட்டிருந்தோம்.

தம்பி, நீங்கள் மட்டக்களப்பு ஆள் என்று கேள்வி. ஆகவே எங்கள் வேலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருடா வருடம் வேலி அடைக்கும்போது, கதியால் தடியைப் பழைய குழியில் நடாமல் ஒரு சாண் அங்காலே நட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. இருபது வருடத்தில் பக்கத்து வளவு மாமரம் உங்கள் வளவுக்குள் நிற்கும். அதனால்தான் எங்கள் ஆட்கள் காலையில் முகம் கழுவ முதல் எல்லையைப் போய்ப் பார்ப்பார்கள். நான் இந்தக் கையால் நாலு மாமரமும் ஒரு கிணற்றில் பாதியும் எடுத்திருக்கிறேன். அது எழுத வேண்டாம்.

வேலிக்கு வருடத்துக்கு ஒரு சாண். கானுக்கு நாளுக்கு ஒரு முழம். பின்னேரம் சனம் கலைந்த பிறகு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, நாலு கானையும் குற்றிகளின் பக்கம் ஒரு முழம் நகர்த்திவிட்டுக் கரையேறுவேன். இருபத்துமூன்று நாள். கனடாவில் வேலி நடக்காது போலிருக்கிறது. சுதாகரன் ஒருநாளும் கரையிலிருந்து அளந்து பார்க்கவில்லை. கிறகோரி கடல்காரன், அவனுக்கு வேலியே இல்லை. கானைக் கண்டான், அதன் ஓரமாக ஓட்டினான்.

இருபத்துநாலாம் நாள் காலை. குளக்கட்டில் அறுபது பேர் இருந்திருப்பார்கள். சுதாகரன் அன்று நன்றாக ஓடினான், அதை மறைக்கக் கூடாது. மூன்றாம் முறை வீசி விலகியபோது, முன்னால் ஒரு நீர்க்காகம் தண்ணீரின் மேல் நிற்பதைக் கண்டான். ஒரு குற்றியின் தலை அன்றைக்குத்தான் வெளியே வந்திருந்தது. கெட்டிக்காரன், பறவை தண்ணீரில் நிற்காது என்று சட்டென்று விளங்கிக்கொண்டான். கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தான். திரும்பவும் இழுத்தான். என்னைப் பார்த்துக்கொண்டேதான் இழுத்தான். கண் இமைக்கவில்லை, அங்கே இங்கே பார்க்கவில்லை, போனைத் தடவவில்லை. நான் அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்பதைத் தவிர உலகத்தில் வேறொன்றும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. அப்படி ஒருவன் என்னைக் கவனித்து எவ்வளவோ காலம்.

நான் கிறகோரியின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

படகு பாய்ந்தது. சுதாகரன் கயிற்றை விட்டான். அந்த வேகத்தில் கயிற்றை விட்டாலும் பலகை விடாது, சப்பாத்துகள் பூட்டியிருந்தன. நேரே குற்றியில் போய் மோதினான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போனது. குளக்கட்டில் நின்றவர்கள் எல்லோரும் வாகனத்துக்குப் பின்னால் ஓடினார்கள். நான் ஆறுதலாக, அவசரப்படாமல் தண்ணீரில் இறங்கி நாலு கானையும் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். இரவல் வாங்கிய சாமானைத் திருப்பி வைப்பது என் பழக்கம். அதனால்தான், கிறகோரி கானைத் தாண்டி ஓட்டியதாக நீங்கள் எழுதி அவனை உள்ளே போட்டீர்கள்.

நான் இங்கே வந்ததற்கு ஒரே காரணம், குற்றமில்லாத ஒருவன் பழி சுமக்கக் கூடாது என்பதுதான். பன்னிரண்டு நாள் ஏன் பிந்தினேன் என்று கேட்பீர்கள். அவன் உள்ளே இருந்த ஒன்பது நாளும் எனக்கு அது அவ்வளவாக உறைக்கவில்லை. பிறகு பிணையில் வந்தான். வந்தவன், என் வாங்கில், என் மூலையில் இருந்துகொண்டு கதை சொல்கிறான். முப்பத்தெட்டுப் பேர். கதையை முடிவிலிருந்து தொடங்குகிறான். "தண்ணிக்குள்ளையிருந்து ஒரு கறுத்தக் கை வந்தது, அக்கா. முனியின்ரை கை" என்கிறான். கன்னாக்குளத்தில் முனி இருப்பதாக எழுபத்தெட்டாம் ஆண்டு கட்டிவிட்டதே நான்தான். அப்போது ஒரு குஞ்சும் நம்பவில்லை. இப்போது அந்தக் கைக்கு ஆளாளுக்கு வாய் பிளக்கிறார்கள்.

நேற்றுப் பின்னேரம் எழும்பி நின்று சொன்னேன்: "முனியும் இல்லை, கினியும் இல்லை. நான்தான் கொன்றனான்."

இராசமலர் கிளாசைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "ஓம் அப்பு. முதலையும் கூட வந்ததோ?"

முப்பத்தெட்டுப் பேரும் சிரித்தார்கள். சுதாகரனைச் சாகக் குடுத்து இரண்டு கிழமை ஆகாத ஊர் அது.

நீங்களும் பேனாவை மூடிவிட்டீர்கள், கண்டேன். பரவாயில்லை, இந்தப் பையைத் திறவுங்கள். நாலாவது கான். கயிற்றில் முடிச்சுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பின்னேரமும் நகர்த்திய பிறகு ஒன்று போட்டேன். எண்ணுங்கள். சத்தமாக எண்ணுங்கள், மற்ற மேசைக்காரருக்கும் கேட்கட்டும்.

ஓம், இருபத்துமூன்று.

இப்போது பேனா திறந்திருக்கிறது. உங்கள் இன்ஸ்பெக்டர் ஐயாவும் எழும்பி வந்துவிட்டார். வாசலில் பதினேழு பேர், சன்னலில் ஐந்து. அந்தக் கதவைச் சாத்த வேண்டாம், தம்பி. றோட்டில் நிற்பவர்களையும் வரச் சொல்லுங்கள், இடம் கிடக்கிறது. பிந்தி வந்தவர்களுக்கு விளங்காது. நான் முதலிலிருந்து தொடங்குகிறேன்.