பெர்த் விமானத்தில் ஏறாத இருவர்

— கதவ சாத்திடாதீங்க தங்கச்சி. சண்டை போட வரல. கையில பாருங்க, அரிசிதான். எங்க சுங்கை புரோங் வயல்ல வெளைஞ்சது.

— நீங்க பெர்த் ஃபிளைட் அங்கிள்தானே? கவுண்டர்ல என்னைய அந்தக் கத்து கத்துனீங்களே.

— அந்த ரெங்கசாமியேதான். நீங்க உஷாராணி. கம்ப்ளேன் எழுதறதுக்காக உங்க சட்டையில பேர பாத்து வச்சிக்கிட்டேன். மச்சான் மவன் விமலன் ஏர்போர்ட்டு கார்கோல இருக்கான். நீங்க ரவாங்ல இருக்கீங்கன்னு அவன்தான் விசாரிச்சி சொன்னான்.

— உள்ள வந்து உக்காருங்க அங்கிள். மாஸ்க்க கழட்ட வேணாம்.

— வேலைக்குப் போயிருப்பீங்களோன்னு நெனச்சிக்கிட்டே வந்தேன்.

— எங்க வேலை? இந்தப் புது ஃப்ளூ வந்ததுல இருந்து ஃபிளைட்ட எல்லாம் ஒண்ணு ஒண்ணா கட் பண்ணிட்டாங்க. முன்னூறு பேர் போற பிளேன்ல முப்பது பேருகூட ஏறல. எங்கள எல்லாம் சம்பளம் இல்லாத லீவுல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க லா.

— என் கம்ப்ளேனால இல்லையே?

— சேச்சே. கூப்பிட்டு விசாரிச்சாங்க, அவ்ளோதான். டியூட்டி டாக்டரும் உங்கள செக் பண்ணிட்டுதானே ஏத்தக் கூடாதுன்னாரு. அதனால என் மேல தப்பு இல்லன்னு விட்டுட்டாங்க.

— அத சொல்லத்தான் வந்தேன். என்னா சொல்றது, அன்னிக்கி உங்கள பேசாத பேச்சு பேசிட்டேன். அந்தக் கோவத்தோடயே காடிய ஓட்டிக்கிட்டு வீட்டுக்குத் திரும்புறேன், கோலசிலாங்கூர் தாண்டல, மூச்சு இழுத்துக்கிச்சி. காடிய ஓரங்கட்டுனது ஞாபகம் இருக்கு. அப்புறம் ஆம்புலன்ஸுல மூக்குல குழாயோட படுத்திருந்தேன்.

— ஐயோ அங்கிள். எனக்குத் தெரியாதே.

— இந்த ஃப்ளூதான். நுரையீரல் ரெண்டையும் புடிச்சிக்கிச்சி. என்னைய பாத்த டாக்டரு ஒரு சீனப் பொண்ணு. 'அங்கிள், அந்த நேரத்துல நீங்க கடலுக்கு மேல பறந்துக்கிட்டு இருந்திருந்தா, பிளேன் எறங்கறப்ப உங்களுக்கு உசுரு இருந்திருக்காது'ன்னிச்சி. அத கேட்டதும் உங்க மொகந்தான் ஞாபகம் வந்துச்சி.

— அன்னிக்கி உங்க சீட்டுக்குப் பக்கத்துல ரெட்டப் புள்ளைங்களோட ஒருத்தவங்களுக்கு சீட்டு போட்டிருந்தேன். நல்ல வேளை, அதுங்களும் தப்பிச்சிதுங்க.

— அப்படியா? அந்தப் பாவமும் எனக்கு வராம பாத்துக்கிட்டீங்க. ஒண்ணு கேக்கணும் தங்கச்சி. காச்சல் பாக்குற உங்க மெஷின் முப்பத்தாறுதானே காட்டுச்சி? காடிய விட்டு எறங்கறதுக்கு முன்னாடியே நான் பனடோல் மாத்திர முழுங்கிட்டேன். நீங்களும் சிரிச்சிக்கிட்டே போர்டிங் பாஸ் குடுத்தீங்க. அப்புறம் என்னத்த பாத்து டாக்டர கூப்பிட்டீங்க?

— அது... பழக்கந்தான் அங்கிள். சில பேரு மொகத்த பாத்தா தெரிஞ்சிடும்.

— அதான் சொல்றேன், எனக்கு நீங்க தெய்வம்.

— அப்படியெல்லாம் சொல்லாதீங்க. ஆண்ட்டி வரலையா?

— நவமணியா? வெளிய காடியில உக்காந்திருக்கா. எவ்ளோ கூப்பிட்டும் உள்ள வரமாட்டேங்குறா. 'நீங்க போய் கும்புட்டுட்டு வாங்க, எனக்கு வெக்கமா இருக்கு'ங்குறா. நான் போட்ட சத்தம் அப்படி.

— உங்க மகளுக்குப் பிரசவம்னு சொன்னீங்களே. எப்படி இருக்காங்க?

— ரூபினிக்கு ஆம்பளப் புள்ள. நாங்கதான் ஆஸ்திரேலியாவுக்குப் போக முடியல. நான் ஆஸ்பத்திரியில கெடக்கறப்பவே பெர்த் ஃபிளைட்ட எல்லாம் நிறுத்திட்டாங்க. மாப்பிள்ளை ஒருத்தருதான் கூட இருந்தாரு. பேரன போன்லதான் பாத்தோம்.

— ஆண்ட்டி ரொம்ப வேதனப்பட்டிருப்பாங்க.

— அதான் எனக்குப் புரியல. பத்திய மருந்து, புள்ளைக்குத் தைச்ச சட்டைன்னு பொட்டி பொட்டியா கட்டுனவ அவ. ஆனா ஏத்த மாட்டோம்னு நீங்க சொன்னப்ப ஒரு சொட்டு கண்ணீர் விடல. பொட்டி வண்டிய தள்ளிக்கிட்டு எனக்கு முன்னாடி வெளிய நடக்குறா. என்னா சொல்றது, மனசுக்குள்ளயே வச்சிருந்து, ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்புறம் ஒருநாள் கேட்டுட்டேன். 'புள்ளைய நீதான் பெத்தியா, இல்ல தூக்கிக்கிட்டு வந்தியா'ன்னு.

— அதுக்கு ஆண்ட்டி என்ன சொன்னாங்க?

— என் கஞ்சிய ஆத்திக்கிட்டே இருந்தா.

— நீங்க அப்படி கேட்டிருக்கக் கூடாது அங்கிள்.

— தெரியும் தங்கச்சி.

— இல்ல, உங்களுக்குத் தெரியாது. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு ஒருத்தவங்களுக்கு வாக்கு குடுத்திருந்தேன். இத கேட்டப்புறம் என்னால வாய மூடிக்கிட்டு இருக்க முடியல. உங்க மொகத்த பாத்து எனக்கு ஒண்ணும் தெரியல அங்கிள். மெஷின நம்பி உங்கள ஏத்தத்தான் விட்டேன்.

— அப்புறம் எப்படி?

— நீங்க பொட்டிக்கு டேப் சுத்தப் போனீங்க. அந்த நேரத்துல ஆண்ட்டி கவுண்டருக்குத் திரும்பி வந்து என் கைய புடிச்சிக்கிட்டாங்க. 'விடிய விடிய ஒடம்பு கொதிச்சிச்சி மா, மாத்திர போட்டு மறைக்கிறாரு. நான் சொன்னா கேக்க மாட்டாரு, யூனிஃபார்ம் போட்ட நீங்க தடுத்தாத்தான் நிப்பாரு'ன்னாங்க.

— நவமணியா?

— 'அங்கிள நிறுத்திடறேன், ஆனா இப்ப விட்டா அப்புறம் ஃபிளைட்டே இருக்காது, நீங்க மட்டுமாவது மககிட்ட போங்க ஆண்ட்டி'ன்னு நானும் சொல்லிப் பாத்தேன். 'அவளுக்குப் புருஷன் இருக்காரு, இவருக்கு நான் ஒருத்திதானே மா'ன்னு சொல்லிட்டு, அவங்க போர்டிங் பாஸையும் என் கையிலயே குடுத்துட்டாங்க.