கட்டிலில் நெல்

"நம்ம வீட்டுல நெல்லு கட்டில்ல படுக்குது, அப்பாவும் அம்மாவும் தரையில படுக்குறாங்க."

ஒரத்தநாடு போகும் பேருந்தில் முன் சீட்டுப் பெண் சொன்னாள். பக்கத்தில் அவள் தம்பி, மடியில் பெயிண்ட் டப்பாவோடு.

"எங்க வீட்டுக்கு அடிச்சு மிஞ்சினது. அவங்க ரூமுக்குப் பத்துமாக்கா?"

"மூணு செவத்துக்கு வரும். நாலாவதை பீரோ மறைச்சுக்கும். ஜன்னலுக்கு என் பழைய சேலை இருக்கு."

"மூட்டையை ஹாலுக்கு மாத்த அப்பா விடணுமே. விதைநெல்லு, ஈரம் பட்டுடும்பாரு."

"காலையில போன்லயும் அதையேதான் சொன்னாரு. அம்மா குறுக்க வந்து, 'நெல்லுக்கு ஈரம் ஆகாது, என் முதுகுக்கு மட்டும் ஆகுமா?'ன்னாங்க."

"அப்பா என்ன சொன்னாரு?"

"மூட்டையை இழுக்குற சத்தம்தான் கேட்டுச்சு."