திரை முழுக்கப் பச்சை

எனக்குச் சிவப்பு நிறம் ஆகாது. சட்டை, குடை, செருப்பு, எதிலும் ஆகாது. விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் மேசைமேல் சிவப்புக் கோப்பைத்தான் வைத்திருக்கிறீர்கள். பரவாயில்லை, பேசுவோம்.

இந்தப் புற்றுநோய் மருத்துவமனையின் டிஜிட்டல் பிரிவுக்கு நான் தலைவன். மருந்து ஏற்றிக்கொண்டு வீடு திரும்புகிறவர்களின் கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தோம். காலையில் எழுந்ததும் ஒரு முகத்தைத் தொட வேண்டும்: சிரிக்கிற முகம், அல்லது அழுகிற முகம். அழுகிற முகத்தைத் தொட்டால், இங்கே கூடத்துச் சுவரில் இருக்கும் பெரிய திரையில் அவருடைய பச்சைப் புள்ளி சிவக்கும், மணி அடிக்கும், தலைமைச் செவிலியர் உடனே பேசி வண்டி அனுப்புவார். மருந்து ஏறிய உடம்பில் எதிர்ப்புச் சக்தி தரைமட்டம். சாதாரணக் காய்ச்சலே ஆளைச் சாய்த்துவிடும். இது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். செயலியின் முதல் பக்கத்தில் அதை எழுதியவனே நான்.

சிக்கல் என்னவென்றால், ஜனங்கள் அழுதார்கள். ஏதோ இலவசமாகக் கிடைத்ததுபோல அழுதார்கள். திரைக்கு அம்மை போட்டதுபோல் ஆயிற்று. செயலி வந்தால் வலி குறையும் என்பது எங்கள் ஆய்வின் கணிப்பு. அது நோயாளிகளுக்குத் தெரியவில்லை. ஆகவே அழுகிற முகத்தைத் தொட்டால் 'நிச்சயமாகவா?' என்று கேட்க வைத்தேன். பிறகு, 'நன்றாக யோசித்தீர்களா?' அதற்கும் பிறகு, 'செவிலியரைத் தொந்தரவு செய்தே ஆக வேண்டுமா?' சிவப்பு மளமளவென்று இறங்கியது. வலி பாதியாகிவிட்டது என்று கட்டுரை எழுதினோம். மாநாட்டில் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

தலைமைச் செவிலியருக்கு மட்டும் திருப்தி இல்லை.

"கண்ணாடிய ஒடச்சிட்டா மூஞ்சி அழகாயிடுமா சார்?"

"உங்க வேலை கொறஞ்சிருக்குல்ல, சிஸ்டர்?"

"கொறஞ்சிருக்கு. அதான் பயமா இருக்கு."

என் அக்காவும் இந்த ஆய்வில் ஒரு புள்ளி. மார்பில் கட்டி. தனியாக இருந்தாள். "எந்தம்பி செஞ்சது" என்று பால்காரரிடம்கூட அந்தச் செயலியைத் திறந்து காட்டுவாள்.

பெரிய மனிதர்கள் திரையைப் பார்க்க வந்த நாளைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? மருத்துவமனை இயக்குநர் புதுக் கோட்டில் வந்திருந்தார். விலைச்சீட்டு பின்கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது. பேச்சை 'மனிதகுலம்' என்று ஆரம்பித்தவர் அங்கிருந்து நகரவே இல்லை. அப்போதுதான் அக்கா அழைத்தாள்.

"டேய், ஒடம்பு கொதிக்குதுடா. நடுக்கம் வேற. அழுவுற மூஞ்சியத் தொட்டா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி கேள்வி மேல கேள்வி கேக்குதே!"

"அக்கா, இன்னிக்கு மட்டும் சிரிக்கிறதத் தொடு. பெரிய ஆளுங்க திரையப் பாத்துட்டு நிக்கிறாங்க. சாயந்திரம் நானே வந்து கூட்டிட்டு வரேன்."

"ஒனக்கு நல்லதாடா?"

"ரொம்ப நல்லது."

"அப்பச் சரி. நீ சாப்டியா?"

திரை முழுக்கப் பச்சை. "நாத்து விட்ட வயல் மாதிரி இருக்கே!" என்றார் ஒரு விருந்தினர். இயக்குநர் என் தோளைத் தட்டினார்.

தலைமைச் செவிலியர் என் பக்கத்திலேயேதான் நின்றார். அவர் காதில் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். போட்டிருந்தால் முதல் வேலையாக அந்தப் புள்ளியைச் சிவப்பாக்கியிருப்பார். விதிமுறை அப்படி. நான் எழுதியதுதான்.

சாயங்காலம் விருந்து நீண்டுவிட்டது. பாதியில் எழுந்து போனால் மரியாதையாக இருக்காது. விடிந்ததும் போனேன். பால்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கதவு திறக்கவில்லை என்றார்.

தலைகுனியச் சொல்கிறீர்கள். எதற்கு? உலகத்தில் அழுவதற்கு ஆயிரம் வழி இருக்கிறது. யாருடைய வாயையும் நான் பொத்தவில்லை. காய்ச்சல் என்று தெரிந்தும் ஒரு புள்ளிக்காக அக்காவைச் சாகவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் முழுவதையும் எழுதுங்கள். அவளுடைய கைப்பேசியைப் பார்த்தேன். இரவில் அழுகிற முகத்தைத் தொட்டிருக்கிறாள். முதல் கேள்விக்கு ஆமாம். இரண்டாவதுக்கும் ஆமாம். செவிலியரைத் தொந்தரவு செய்தே ஆக வேண்டுமா என்பதற்கு, வேண்டாம் என்றிருக்கிறாள். யாரையும் சிரமப்படுத்தாதவள். வேண்டாம் என்று விட்ட அழுகையை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே கடைசியாகப் பதிவானது முந்தின நாள் காலையில் தொட்ட சிரிக்கிற முகம்தான்.

கருவி பொய் சொல்லாது ஐயா. என் அக்கா சிரித்துக்கொண்டுதான் செத்தாள்.