புகை தெரியாத அடுப்பு

இழுக்கிறேன். கனக்கிறார். இரண்டு கக்கத்துக்குள்ளும் கை கொடுத்துப் பின்பக்கமாக நடக்கிறேன். அவருடைய குதிக்கால் தரையில் தேய்கிறது. ஒரு செருப்பு கழன்றுவிட்டது. கிடக்கட்டும். குனிந்து செருப்பு எடுக்கிற நேரத்தில் ஆள் போய்விடும். அதைப் படித்த இடம் வன்னி.

"கதவைத் திறவுங்கோ! ஆராவது வாங்கோ!"

இது கொழும்பு, வெள்ளவத்தை. காலி வீதி என்கிற பெருந்தெருவுக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஒழுங்கை. மூன்றாம் மாடி. நடுப்பகல். கீழே கரையோர ரயில் போகிறது. தடதடவென்று கண்ணாடி அலுமாரி அதிர்கிறது. வேறு சத்தமில்லை. எறிகணைச் செல் இல்லை. கிபிர் விமானம் இல்லை. குசினியில் ஒரு துளி புகையும் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். புகை இல்லை.

நான் இழுத்துக்கொண்டிருப்பது மெற்றில்டா மச்சாளை. என் கணவரின் அக்கா. போர் முடிந்தபின் முகாமிலிருந்து வெளியே வந்ததிலிருந்து இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர். நான் சமைக்கிறேன், அவர் கட்டுகிறார். பம்பலப்பிட்டியில் கந்தோர்களுக்கு, அலுவலகங்களுக்கு, மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல். சோறு, பருப்பு, இரண்டு மரக்கறி, ஒரு மீன். வாழையிலைத் துண்டு வைத்து, தாளில் மடித்து, நூல் சுற்றி, பல்லால் கடித்து அறுப்பார். கத்தரிக்கோலைத் தொடமாட்டார்.

பிறகு காஸ் இல்லாமல் போன வருடம் வந்தது. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். இல்லாவிட்டால் இருக்க வேண்டும். வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று கட்டி வீதியோரம் வரிசையில் விட்டுவிட்டு, ஆட்கள் மதிலோரம் நித்திரை கொண்டார்கள். நானும் நின்றேன். லொறி வரும் என்றார்கள். வரவில்லை. நாளைக்கு என்றார்கள். நாளைக்கும் வரவில்லை. நாசமாய்ப் போக. கந்தோர்க்காரனுக்கு வயிறு நாளைக்குப் பசிக்குமா?

மண் அடுப்பு ஒன்று வாங்கினேன். இரட்டை வாய். எனக்கு அடுப்பு ஒன்றும் புதிதல்ல. சரக்குப் பெட்டிப் பலகையைக் கொத்தி விற்றார்கள். பூச்சுப் பூசிய பலகை வேண்டாம் என்றேன். அது எரிந்தால் கண்ணும் நெஞ்சும் எரியும். காய்ந்த விறகு. பெருவிரல் மொத்தத்துக்குப் பிளந்தது. இரண்டு கட்டையைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் ஈரம். அடுப்பு நிறைய அடைக்கக் கூடாது. கீழே காற்றுக்கு வழி விட வேண்டும். சாம்பலை அள்ளிவிட்டுத்தான் மூட்ட வேண்டும். பானைக்கு மூடி போட வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது. பக்கத்தில் ஒரு வாளி மணல். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. யன்னலும் கதவும் திறந்திருக்க வேண்டும். காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போக வேண்டும். இப்படி எரித்தால் சுவாலை மஞ்சளாக நிற்கும். மூட்டுகிற நேரம் கொஞ்சம் புகையும். பிறகு அவ்வளவாக இராது.

அந்தக் கொஞ்சம்தான் பிரச்சினை.

மேல்மாடியில் சிவநாதன் அண்ணை இருக்கிறார். இந்த பிளாட்டின் சங்கச் செயலாளர். வெள்ளை வேட்டிகளைக் கொடியில் போடுகிற மனிதர். மாடிப்படியில் நின்று கத்துவார்.

"புகை! புகை தெரியுது! ஆர் புகை போடுறது? அணையுங்கோ!"

அவருக்கு அது வேட்டிக் கவலை. மச்சாளுக்கு அது வேறு.

வன்னியில் கடைசி மாதங்கள். கடலேரிக் கரை மணல். தறப்பாள் கொட்டில். பக்கத்தில் பங்கர், பதுங்குகுழி. மேலே வேவு விமானம் நாள் முழுக்க ரீங்காரம் போடும். வண்டு என்போம். வண்டு புகையைக் கண்டால் செல் வரும் என்று சனம் நம்பியது. உண்மையோ பொய்யோ, நம்பியது. சமைக்கிறவள் எல்லாருக்கும் பகையாளி. பங்கருக்குள் இறக்கிச் சமைப்போம். பங்கர் வாசலில், நனைத்த சாக்கைத் தொங்கவிடுவோம். புகை எங்கள் கண்ணுக்குள்ளேயே அடங்கும். ஒரு கோடு வெளியே போனாலும் பக்கத்துக் கொட்டிலிலிருந்து கத்துவார்கள்.

"புகை தெரியுது! அணை! அணை!"

அதே சொல். பாருங்கள். அதே சொல்.

அன்று விறகு ஈரம். மழை பெய்திருந்தது. மச்சாள் கஞ்சி வைத்தார். புகை சாக்கைத் தாண்டி நேராக எழும்பியது. அருள், என் கணவர், அவருடைய தம்பி, தண்ணீர்க் கானோடு வந்துகொண்டிருந்தார். தூரத்தில் செல்லைக் குத்துகிற, ஏவுகிற சத்தம். டும். பிறகு ஒன்றுமில்லை. பிறகு கூவிக்கொண்டு வருகிற சத்தம். ஆரோ கத்தினார்கள்.

"குத்திட்டான்! படுங்கோ!"

படுத்தோம். அருள் படுக்கவில்லை. கானைக் கீழே வைக்கக் குனிந்தார். தண்ணீர் அவ்வளவு அருமை. அந்தக் குனிகிற நேரம்.

அதிலிருந்து மச்சாளுக்கு ஒரே கணக்கு. என்ர புகை. என்ர தம்பி. நான் சொன்னேன். முகாமில் சொன்னேன். கொழும்பு வரும் வழியில் பஸ்ஸில் சொன்னேன். இந்தக் குசினியில், வெங்காயம் உரிக்கும்போது சொன்னேன். அன்று காலையிலிருந்து செல் விழுந்துகொண்டிருந்தது, மச்சாள். அடுப்பே இல்லாத கொட்டிலிலும் விழுந்தது. வரிசையில் நின்ற பிள்ளைகள் மேலும் விழுந்தது. அவர்கள் எந்தப் புகை போட்டார்கள்? செவிடன் காதில் ஊதின சங்கு. தலையை ஆட்டிவிட்டு நூலைக் கடிப்பார்.

ஆகவே வெள்ளவத்தையில் என்ன நடந்தது? நான் அடுப்பை மூட்டுவேன். சிவநாதன் அண்ணை கத்துவார். மச்சாள் ஓடி வந்து ஒரு செம்பு தண்ணீரை அடுப்பில் ஊற்றுவார். அணைகிற விறகு ஊரெல்லாம் புகையும். அண்ணை இன்னும் கத்துவார். மச்சாள் இன்னும் ஊற்றுவார். மண் அடுப்பு வெடித்தது. இன்னொன்று வாங்கினேன். சனியன், அதுவும் வெடித்தது. மூன்றாவதும் வாங்கினேன். தலையில் அடித்துக்கொண்டேன். "மச்சாள், இது கொழும்பு!" என்று நானும் கத்தினேன். அவர் பார்த்த பார்வையில் கொழும்பு இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனைக்குக் கோயிலுக்குப் போன மச்சாள், ஒரு சாக்குச் சிரட்டைக்கரியோடு ஓட்டோவில் வந்து இறங்கினார். இறைச்சி சுடுகிற கடைக்காரர்கள் வாங்குகிற கரி. முகமெல்லாம் சிரிப்பு. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம். கரி பிடித்துச் சிவந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பார் ஜெசி. புகையே இல்லை. இனி ஒருத்தரும் கத்தேலாது."

சொன்னேன். கரி புகைக்காது, ஆனால் அதிலிருந்து ஒரு வாயு வரும். நிறமில்லை. மணமில்லை. பூட்டிய அறையில் மூட்டினால் முதலில் தலையிடி. பிறகு சத்தி, வாந்தி. பிறகு நித்திரை. அந்த நித்திரையிலிருந்து எழும்ப முடியாது. யன்னல் திறந்து வைத்தால் மட்டும் மூட்டுங்கோ என்றேன்.

"செல்லைக் கண்டனான். கிபிரைக் கண்டனான். இப்ப கண்ணுக்கே தெரியாத ஒண்டுக்குப் பயப்பிடச் சொல்லுறியே?"

"ஓம். சொல்லுறன்."

"விசர்க் கதை கதைக்காதை."

இரண்டு நாள் தலையிடிக்குத் தைலம் பூசிக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் குசினி யன்னலின் கொளுக்கியைக் கழற்றி எறிந்தேன். இனிப் பூட்ட முடியாது என்று நினைத்தேன். மனிதருக்குப் புத்தி சொல்ல முடியாவிட்டால் யன்னலுக்காவது சொல்வோம். சாக்கையும் ஒளித்து வைத்தேன். கரிச் சாக்கைத்தான். நனைத்துத் தொங்கவிடுகிற சாக்கு என் நினைவிலேயே வரவில்லை.

அன்றைக்கே முதலாம் அடுக்குப் பார்சலை எடுத்துக்கொண்டு பம்பலப்பிட்டிக்குப் போனேன். இரண்டாம் அடுக்குக்கு அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. விறகடுப்பு. அன்று மச்சாள்தான் மூட்டினார். நல்ல சுவாலை. யன்னல் திறந்திருந்தது. மச்சாள் பயற்றங்காய் அரிந்துகொண்டிருந்தார். "மீன் கேட்டவைக்கு மீனைக் குடு, மாறிப் போடாதை" என்றார். அவர் என்னோடு கடைசியாகக் கதைத்தது மீன்.

திரும்பி வந்தேன். படியில் ஏறும்போதே சோறு வெந்த மணம். சத்தமில்லை. குசினிக் கதவு திறக்கவில்லை. தள்ளினேன். கீழே ஏதோ இறுகியிருந்தது. தோளால் இடித்தேன். மற்றப் பக்கத்தில் கதவின் அடியில் நனைத்த சாக்கு அடைந்திருந்தது. யன்னல் சாத்தியிருந்தது. கொளுக்கி இருந்த இடத்தில் பார்சல் நூல். சுற்றிச் சுற்றிக் கட்டி, முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து அறுத்திருந்தார். அடுப்பில் விறகு இல்லை. தண்ணீர் ஊற்றி அணைத்து வாளியில் போட்டிருந்தார். ஒளித்த கரியைக் கண்டுபிடித்திருந்தார். கரி செக்கச்செவேலென்று கனன்றது. அழகான நெருப்பு. புகை இல்லை.

மச்சாள் சுவரில் சாய்ந்து இருந்தார். மடியில் பயற்றங்காய்ச் சுளகு. முகம் சிவந்திருந்தது. நல்ல சுகமாக இருக்கிறவர் மாதிரி.

அம்மிக் குழவியை எடுத்து யன்னலில் எறிந்தேன். கண்ணாடி கீழே விழுந்து உடைந்த சத்தம் பிந்தித்தான் கேட்டது. பிறகு இழுத்தேன். இழுக்கிறேன். கனக்கிறார்.

சிவநாதன் அண்ணை தடதடவென்று இறங்கி வருகிறார். வேட்டியை மடித்துக் கட்டுகிறார். மச்சாளின் காலைத் தூக்குகிறார். மூன்று மாடியும் இறக்குகிறோம். ஒழுங்கை முகப்பில் ஓட்டோ. நான் சிங்களத்தில் கத்துகிறேன்.

"மல்லி, இக்மனட்ட! இஸ்பிரிதாலெட்ட!"

தம்பி, கெதியாய், ஆஸ்பத்திரிக்கு. பெடியன் கேள்வி கேட்கவில்லை. அந்த வருடத்தில் பெற்றோல் எவ்வளவு அருமை என்று உங்களுக்குத் தெரியும். ஹோர்னை அழுத்தினது அழுத்தினபடி காலி வீதியில் போனான். என் மடியில் மச்சாளின் தலை. கன்னம் சிவந்தபடியே இருந்தது. மூச்சைக் கேட்கக் காதை வைத்தேன். ஹோர்ன்தான் கேட்டது.

பிந்திவிட்டது என்றார்கள். விபத்து என்றார்கள். அடுப்பு விபத்து. இப்ப கொஞ்ச நாளாய் இப்படித்தான் வருகினம், காற்றோட்டம் இல்லாமல் மூட்டாதேங்கோ என்று டொக்டர் பிள்ளை என்னிடம் சொன்னாள். என்னிடம்! ஆருக்குச் சொல்லி அழ.

செத்தவீட்டில் சிவநாதன் அண்ணை ஒரு மூலையில் இருந்தார். எல்லாரும் போன பிறகு பக்கத்தில் வந்தார்.

"தங்கச்சி, அண்டைக்கு நான் கத்தினனான்."

"தெரியும் அண்ணை."

"உங்கட வீட்டுக்கு இல்லை. நாலாம் மாடியில பழைய பேப்பர் எரிச்சவை. உங்கட அடுப்பு அண்டைக்குப் புகைக்கேல்லை. நான் எட்டிப் பாத்தனான். நல்லா எரிஞ்சது."

அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. அவர் மேலா, நாலாம் மாடி மேலா, லொறி மேலா, வண்டின் மேலா, மச்சாள் மேலா. எல்லார் மேலும். இன்றும் அது போகவில்லை. காஸ் வந்துவிட்டது. யன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. கொளுக்கி போடவில்லை. போடவும் மாட்டேன்.

போரில் இழந்ததைச் சொல்லு என்று சாட்சியம் சேர்க்கிறவர்கள் கேட்டு வருகிறார்கள். ஒலிப்பதிவுக் கருவி வைக்கிறார்கள். நான் சொல்லுகிறேன். ஒரு வீடு. ஒரு தையல் மெசின். ஒரு சைக்கிள். ஒரு கான் தண்ணீர். ஒரு பானை கஞ்சி. என் கணவர் அருள். அங்கே அவர்கள் கருவியை நிறுத்தப் போகிறார்கள். நிறுத்தாதேங்கோ என்கிறேன். வெள்ளவத்தையில் இரண்டு மண் அடுப்பு. ஒரு யன்னல் கண்ணாடி. இரண்டாம் அடுக்குப் பார்சல் முழுக்க. மெற்றில்டா மச்சாள். அது போருக்குப் பிறகு நடந்தது, அக்கா, அது விபத்து என்கிறார்கள். இல்லை என்கிறேன். அதே கணக்கில் போடுங்கோ. எங்கள் வீட்டில் போரில் போனவர்கள் இரண்டு பேர்.

இன்னும் ஒன்று. இதை ஒலிப்பதிவுக்காகச் சொல்லவில்லை. அவருக்காகச் சொல்லுகிறேன். இனியாவது காதில் விழட்டும்.

அண்டைக்குப் புகை உங்கட அடுப்பில இருந்து வரேல்லை, மச்சாள். அண்ணை பாத்தவர். நீங்கள் மூட்டின நெருப்பு நல்லா எரிஞ்சது.